இடத்தை மட்டும் சொல்லு

பாறுகளைப் பற்றி, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி, பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும்போது ஊசி மருந்து வரை ஒரு சிக்கலும் இல்லை. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகும். மாட்டுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்துவிட்டார்கள். வலிக்கு மெலாக்சிகம் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய் அப்படியே ஒப்பிக்கிறார்கள். மாட்டு டாக்டரையே மடக்கியதாக ஒருவன் பெருமையடித்தான். யாருக்கும் நட்டமில்லாத பாடம்.

விஷம் வைத்த மாடு அப்படியல்ல. புலி மேலுள்ள கோபத்தில், அது அடித்த மாட்டின் மேல் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைத் தூவிவிடுவார்கள். வைப்பது புலிக்கு, சாவது பாறுக் கூட்டம். வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை அது. நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றில் ஒரு கூட்டம் போனால் மீண்டு வருவது லேசில்லை. இதைச் சொல்லி முடித்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“மருந்து வச்சது யாருன்னு தெரிஞ்சா சொல்லணுமா சார்?”

“சொல்லணும்மா.”

“சொந்தக்காரங்கன்னாலுமா?”

வகுப்பே என்னைப் பார்த்தது. “பேர் வேண்டாம். மாடு கிடக்கிற இடத்தை மட்டும் சொல்லு, போதும்” என்றேன்.

இப்போதும் அதைத் தவறான பதில் என்று சொல்லமாட்டேன். பாறு இறங்குவதற்குள் மாட்டை அப்புறப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆளைப் பிடிப்பது என் வேலையல்ல. ஆனால் அந்தச் சின்ன ஊரில் எந்த வீட்டு மாடு எந்தப் பக்கம் மேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். இடத்தைச் சொன்னாலே பேரைச் சொன்ன மாதிரிதான். அது எனக்குத் தெரியாமலா இருந்தது?

சில வாரம் கழித்து ஓர் இடத்தைச் சொன்னாள். வனத்துறைக்குத் தகவல் கொடுத்தேன். தொடையில் புலி கிழித்த இடமெல்லாம் ஊதா நிறக் குருணை அப்பியிருந்தது. ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஒரு பாறும் சாகவில்லை. சொன்னது யார் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையின் கூட்டங்களுக்கு வருவதில்லை. பரீட்சை என்றாள். இருக்கலாம், ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் பலரும் அப்படித்தான் கழன்றுகொள்கிறார்கள். நான்தான் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேனோ என்னவோ.

மாட்டைப் பறிகொடுத்தவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. இழப்பீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு அலைய வேண்டும். காட்டுக்குள் மேய்ந்த மாடென்றால் அதிலும் வில்லங்கம். பிள்ளைகளுக்கு அந்த மனுவை எழுதக் கற்றுக்கொடுத்திருந்தால் பாறுக்கு அதுவே பெரிய உதவி என்று ஒரு நாள் தோன்றும். மனு எழுதிக்கொண்டிருந்தால் அன்று சாயங்காலம் அந்த மாட்டை யார் புதைத்திருப்பார்கள் என்று மறுநாள் தோன்றும்.

இந்த வருஷமும் அதே பாடத்தை நடத்தினேன். “தெரிந்தால் சொல்லுங்கள்” என்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு பையன் அவனாகவே கேட்டான்: “அப்ப யார்கிட்ட சார் சொல்றது?” என்கிட்ட வந்து சொல்லுடா என்றுதான் மறுபடியும் வாயில் வந்தது.