உகந்தைமலையில் இறங்கிய கடன்

1996இல் தம்பிக்கு நெருப்புக்காய்ச்சல். "பிள்ளை எழும்பினால் கூட்டிவந்து வெள்ளி வேல் வைக்கிறேன், மலையும் ஏறுவான்" என்று அம்மா இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் உகந்தை முருகனுக்கு நேர்ந்துவிட்டார். காய்ச்சல் மாறியது. ஆனால் சண்டைக்காலத்தில் அந்தப் பக்கம் யார் போவது? பாதை திறந்தபோது தம்பி கனடாவில் இருந்தான். அவன் விடுமுறையில் வந்திறங்கிய மூன்றாம் நாளே களுவாஞ்சிகுடியில் வேன் பிடித்துவிட்டோம். அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம்.

பாணமை தாண்டி வேன் பஞ்சர். ஆடி மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கிறது. காட்டுக்கு மேலால் மொட்டைப் பாறைகள் தலை நீட்டின. புவியியல் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? டயர் மாற்றும்வரை மகளுக்குப் பாடம் நடத்தினேன். இவை நிலத்திலிருந்து எழுந்த மலைகள் இல்லை, சுற்றியிருந்தது கரைந்துபோக எஞ்சி நிற்கும் கல். இலங்கையின் கிழக்கே நிலத்தின் அடியில் கிடப்பது விஜயன் தொகுதிப் பாறை, வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. நம்மட மட்டக்களப்புக் குடும்பிமலையும் இதே சாதிதான்.

கோயிலடியில் நல்ல கூட்டம். கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடக்கிறவர்கள் ஒருபக்கம், வாகனத்தில் வந்தவர்கள் ஒருபக்கம். இறங்குமுன்பே அர்ச்சனைத் தட்டைக் கையில் திணித்துவிட்டு, பிறகுதான் விலை சொன்னான் ஒரு பொடியன். வரிசையில் முன்னால் நின்றவர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்ததில் எனக்குத் தெரிந்தது அவருடைய முழங்கை மட்டும்.

திரை விலகியது. கூட்டம் "அரோகரா" என்று அதிர்ந்தது. அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெள்ளி வேலை அவிழ்க்கப் பார்த்தார். விரல் நடுங்கியதில் முடிச்சு அவிழவில்லை. தம்பி குனிந்து பல்லால் இழுத்து அவிழ்த்தான். ஐயர் அதை வாங்கி முருகன் காலடியில் வைத்தார். அம்மா எதுவும் கேட்கவில்லை. "கூட்டி வந்திட்டன்" என்றார், அவ்வளவுதான். முருகா, இத்தனை வருடமும் எங்கள் வீட்டுக் கடனைக் கேட்காமல் பொறுத்திருந்தாயே! எனக்குத் தேவாரம் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

கோயிலடியில் இருக்கும் வள்ளி மலை ஏறும்போது உச்சி வெயில். வெறுங்கால் பாறையில் பட்டதும் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. தம்பி ஒற்றைக்கால் மாற்றி மாற்றித் துள்ளினான், கனடாக் கால் அல்லவா. "நீங்கள் கீழே இருங்கோ" என்று சொன்னதற்கு அம்மா காது கொடுக்கவேயில்லை. இந்தப் பாறை வெங்காயத் தோல்போலப் படைபடையாய் உரியும். அப்படி உரிந்த விளிம்புகளில் கை ஊன்றி, இருந்து இருந்து ஏறினார். அவர் கை வைத்த இடத்தில் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடியது. வெள்ளை, குவாட்ஸ், பெல்ஸ்பார் என்ற கனிமங்கள். கறுப்பு, பெரும்பாலும் மைக்கா. ஆழத்தில் வெந்து நசுங்கிய கல்லில் விழுந்த வரி அது.

சுனையில் தண்ணீர் இருந்தது. சின்னப் பள்ளத்தில் மழைநீர் தங்கி, பெல்ஸ்பாரை மெல்லக் களியாக்கி, மணல் மணலாய் உதிர்த்துத்தான் சுனை அகலமாகிறது என்று மகளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"உன்ட பாடத்தப் பிறகு நடத்து மனே, தம்பிட தலையில ரெண்டு கை தண்ணி அள்ளி ஊத்து."

ஊற்றினேன். கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. முருகன் வந்த கல்லோடம் இதுதான் என்று கரைப்பாறையை யாரோ பிள்ளைக்குக் காட்டினார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. ஓடம்தான், வேறென்ன?

திரும்பும்போது வேனில் தம்பி கால் நீட்டிக் கிடந்தான். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அம்மா அவன் காலைத் தூக்கி மடியில் வைத்து, பொட்டலத்தைப் பிரித்துத் திருநீறு பூசினார். "மருந்து இருக்கம்மா" என்று அவன் கூச்சத்தோடு காலை இழுத்தான். "அந்தக் காய்ச்சலுக்கும் இதத்தான் பூசினன், பேசாம கிட" என்று அம்மா காலை விடவில்லை.