ஒண்ணேகால் வோல்ட் எங்கே போச்சு?

மார்ச் மாதம் ஒரு விடிகாலை. அம்மாவை ரயிலேற்றிவிடக் கிளம்பினால் காரில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப டக் டக் டக் என்று சத்தம்தான். மீட்டர் விளக்குகள் மங்கிப்போயின. கடைசியில் ஆட்டோ பிடித்து அனுப்பினேன். "நேத்தே ஆட்டோவுக்குச் சொல்லிருக்கலாம்ல" என்று தெருமுனை வரைக்கும் அம்மா விடவில்லை.

எலக்ட்ரீஷியன் கடைத் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, பேட்டரி போச்சு" என்றார். நாலு வருஷப் பேட்டரி, நம்பத்தானே தோன்றும்? 4,800 ரூபாய்க்குப் புதுசு போட்டேன். பதினெட்டாம் நாள் மறுபடியும் டக் டக். இப்போது, "டைனமோவை மாத்தணும்க்கா." இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை இங்கே யாரும் ஆல்டர்னேட்டர் என்று சொல்வதில்லை, அம்பாசடர் காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் கணக்கு எழுதுகிற ஆள். பத்து ரூபாய் உதைத்தால் எந்த வவுச்சர் என்று தேடிப் பிடிக்காமல் தூக்கம் வராது. பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு, 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டரும் வாங்கி வந்தேன்.

முதல் அளவு, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு. கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து அளவு கொஞ்சம் இறங்கும் என்பதால், முந்தின இரவே பானட்டைத் திறந்து லேசாகச் சாத்தி வைத்திருந்தேன். முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எனக்கு 12.3. இரண்டு நாள் ஓட்டத்திலேயே இறங்கிவிட்டது.

இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். என் 2011 வேகன் ஆர் மாதிரியான வண்டிகளில் 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். வந்தது 13.1. ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டதும் 12.7. சரி, டைனமோதான் போல என்று நினைத்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று டைனமோவிலேயே வைத்துப் பார்த்தேன். அதன் பின்னால் ரப்பர் மூடிக்குள் இருக்கும் தடித்த ஒயர் போல்ட்டில் சிவப்பு முள், அதன் உடம்பில் கருப்பு முள். (சேலைத் தலைப்பு, பெல்ட், ஃபேன் மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) 14.3! அங்கே 14.3 புறப்படுகிறது, பேட்டரிக்கு 13.1 வந்து சேருகிறது. மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கு எரியாததன் காரணமும் புரிந்தது: டைனமோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

எந்த வழியில் தொலைகிறது என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன்: 0.05. எர்த்தில், அதாவது நெகட்டிவ் பக்கத்து வழியில், குறையில்லை. அடுத்து அந்த போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே: 1.15. இங்கே 0.2, 0.3-க்கு மேல் போகக்கூடாது. இரண்டையும் கூட்டினால் 1.2, பைசா சுத்தமாகக் கணக்கு நேரானது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இதற்குள் வந்து, "ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழட்டிப் பாரும்மா, வண்டி நின்னா டைனமோ அவுட்டு" என்றார். அவர் ஓட்டிய வண்டிகளுக்குச் சரி. இப்போதைய வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் எகிறி, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவே போய்விடலாம். காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

இன்ஜினை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன். அந்த போல்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். ரப்பர் மூடியை விலக்கினால் நட் விரலிலேயே சுற்றியது. ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டுகிற வளையம், அதாவது லக், கருத்து, பக்கத்து இன்சுலேஷன் அடிப்பிடித்த பால் நிறத்தில் பொரிந்திருந்தது. ஜனவரியில் டைனமோவுக்குள் தேயும் கார்பன் பிரஷ்ஷை மாற்றியபோது நட்டை முடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

புது லக் வைத்து அழுத்திக் கொடுத்தது வேறொரு கடை, 120 ரூபாய். போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் பேட்டரியில் 14.2. பழைய பேட்டரியைத்தான் எக்ஸ்சேஞ்சில் 600 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கலாம்.