‘சும்மா’ என்ற சொல்லுக்கு என்ன குறி இடுவது?

ஆலங்குளம் வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களை நேர்காணல் செய்யத் தொடங்கியபோது, “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்பதுதான் என் முதல் கேள்வி. மடியில் சொளவை (முறத்தை) வைத்து, கத்தரியால் இலையை நறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி கை ஓயாமல் பதில் சொன்னார்: “வேலைக்கெல்லாம் போகல தாயி, சும்மாதான் இருக்கேன். பீடி சுத்துதேன்.”

பதிவுகளை நேரே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, அந்த ஆங்கிலப் பிரதியில்தான் பகுப்பாய்வு செய்தேன். அதில் இந்தப் பதில் ‘வேலை இல்லை’ என்று ஆகிவிட்டது. வேறொரு பெண்ணின் ‘சும்மா’ ‘ஓய்வு நேரம்’ ஆனது. இன்னொருவருடையது எந்தத் தடயமும் இல்லாமல் போயிற்று. பல மாதங்கள் கழித்து ஒலிப்பதிவுகளை மறுபடி கேட்டபோதுதான், 14 பேரில் பெரும்பாலோர் இந்த ஒரே சொல்லைச் சொல்லியிருப்பது காதில் விழுந்தது.

இதைவிடப் பெரிய பிழை ஆய்வு வடிவமைப்பிலேயே இருந்தது. 14 நேர்காணல்களையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, பிறகுதான் தரவைப் படிக்க உட்கார்ந்தேன். கணக்கெடுப்புக்கு அது பொருந்தும். எண்ணிக்கையைவிட மக்கள் சொல்வதன் பொருளைத் தேடும் பண்புசார் ஆய்வுக்குப் பொருந்தாது. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்டிராஸும் 1967இல் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டியெழுப்பும் கிரவுண்டட் தியரி முறையில் தரவு திரட்டுவதும் பகுத்தாய்வதும் மாறிமாறி நடக்கும். அடுத்து யாரைச் சந்திப்பது, எதைக் கேட்பது என்பதை முந்தைய நேர்காணலில் கிடைத்ததே தீர்மானிக்கும். மூன்றாவது நேர்காணலோடு நிறுத்தி வரிவரியாகக் குறி (அந்த வரி எதைப் பற்றியது என்று சுட்டும் சிறு பெயர்) இட்டிருந்தால், நான்காவது பெண்ணிடமே “சும்மா என்று எதைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டிருப்பேன்.

ஆகவே இரண்டாம் முறை பேச்சுத் தமிழைத் திருத்தாமல் அப்படியே எழுதி, அந்தச் சொற்களையே குறிகளாக வைத்தேன். ‘சும்மா’ வந்த இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது அதன் பொருள் பிரியத் தொடங்கியது. சிலருக்கு அது வீட்டுப் படி தாண்டாமல் இருப்பது. சிலருக்கு, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நடப்பதால் கணக்கில் சேராத உழைப்பு. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளர் என்றே வரையறுத்தது. சட்டம் தந்த அந்தப் பெயரை அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. கணவரை இழந்த ஒருவர் மட்டும் இந்தச் சொல்லைத் தொடவே இல்லை. “பீடியிலதான் ரெண்டு பிள்ளையளையும் ஆளாக்குனேன்” என்றார். மற்றவர்களோடு ஒட்டாத இந்த ஒரு பேச்சுதான், வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கும்போதே ‘சும்மா’ என்ற சொல் வருகிறதோ என்ற கேள்வியை எனக்குத் தந்தது. எத்தனை பேரைப் பார்த்தால் போதும் என்று தொடக்கத்திலேயே எண்ணிக்கையை முடிவுகட்ட முடியாது என்பதும் இங்கேதான் எனக்கு உறைத்தது.

கருப்பொருள்கள் (பல குறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் பொதுப் பொருள்கள்) தரவுக்குள் புதைந்திருந்து தாமாக மேலெழுவதில்லை, ஆய்வாளரே அவற்றை உருவாக்குகிறார் என்று உளவியல் ஆய்வாளர்கள் பிரானும் கிளார்க்கும் 2006இல் எழுதினார்கள். எனக்கு அது மிக நெருக்கமான செய்தி. என் பாட்டியும் பீடி சுற்றியவர். வாசலில் யாராவது விசாரித்தால் “சும்மாதான் இருக்கேன்” என்றுதான் அவரும் சொல்வார். கேட்டுக் கேட்டுப் பழகிய காது என்பதால், அந்தச் சொல்லில் விசாரிக்க ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. அதை ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இப்போது எழுதி வைத்திருக்கிறேன். அறிக்கையிலும் அது இடம்பெறும்.

அடுத்த சுற்றில், பீடியை விட்டுவிட்டு நூற்பாலைக்குப் போன பெண்களைத் தேடிப் போகிறேன். பீடி சுற்றிய அந்த நாட்களை அவர்கள் இப்போது எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.