மெழுகுவர்த்தில என்ன நான்வெஜ்?

மிருகத்துக்கிட்டேர்ந்து வர்ற எதையுமே பயன்படுத்தாத வீகனா மாறினவங்ககிட்ட கேக்கப்படுற கேள்விகள்லயே எனக்குப் பிடிச்சது இதுதான்: "ஏம்ப்பா, மெழுகுவர்த்திய நீ திங்கவா போற, அதுல என்ன வெஜ் நான்வெஜ்?" கேக்குறவங்களயும் குத்தம் சொல்ல முடியாது. ஷாம்பூ, லிப்ஸ்டிக், ஷூ வரைக்கும் லேபிள் படிக்கிற ஆளுங்களே கேண்டில் வாங்கும்போது மட்டும் மூடியத் திறந்து மோந்து பாத்துட்டு எடுத்துடறாங்க.

ஆனா பழைய கதையப் பாத்தா ஐரோப்பால மெழுகுவர்த்திங்கறதே ரொம்ப காலத்துக்கு மிருகச் சமாச்சாரம்தான். சாதாரண ஜனங்க மாட்டுக்கொழுப்பு ஆட்டுக்கொழுப்ப உருக்கி ஊத்தி எரிச்சாங்க, புகையும் நாத்தமும் தாங்காது, காசு இருக்கறவங்களும் சர்ச்சும் தேன்மெழுகு வாங்கினாங்க. அப்புறம் 18-ஆம் நூற்றாண்டுல ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட தலைக்குள்ள இருக்கற ஸ்பெர்மசெட்டிங்கற மெழுகு வந்துச்சு. அது எவ்ளோ சீரா எரியும்னா, 1860-ல பிரிட்டன்ல கேஸ் விளக்கோட வெளிச்சத்த அளக்க சட்டத்துலயே இத அளவுகோலா வெச்சாங்க, ஒரு பவுண்டுக்கு ஆறு வர்ற மாதிரி செஞ்ச ஸ்பெர்மசெட்டி மெழுகுவர்த்தி, மணிக்கு 120 கிரெயின், அதாவது 7.8 கிராம் கிட்ட எரியணும், அந்த வெளிச்சம்தான் ஒரு கேண்டில்பவர். திமிங்கிலத்தக் கொன்னு வெளிச்சத்துக்கு யூனிட் வெச்சிருக்காங்க!

இப்ப திமிங்கிலம் கிடையாது, கடைல இருக்கறதுல பெரும்பாலானது பாரஃபின். பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது. அப்ப பாரஃபின் வீகனா? தேன்மெழுகு மாதிரி, கொழுப்பு மாதிரி மிருகத்துக்கிட்டேர்ந்து நேரா எடுக்கறது இல்ல, அதனால அந்தக் கணக்குல வீகன்தான். (பெட்ரோலியமே கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி செத்த கடல் உயிரினங்கள்தானேன்னு ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணினார், அவரோட நான் அதுக்கப்புறம் இந்த டாபிக் பேசறதில்ல.) அதேசமயம் "100% நேச்சுரல்"னு அழகா எழுதியிருக்கற தேன்மெழுகு கேண்டில் வீகன் கிடையாது, வேலைக்காரத் தேனீக்களோட வயித்து சுரப்பிலேர்ந்து வர்றது அது, அதுங்க கூடு கட்டறதுக்காக சுரக்கற மெழுகு. நேச்சுரல்ங்கறது ஒண்ணு, வீகன்ங்கறது வேற, குரூயல்ட்டி ஃப்ரீங்கறது மிருகங்கள் மேல டெஸ்ட் பண்ணலன்னு மட்டும் சொல்றது. மூணையும் ஒண்ணா நெனச்சு வாங்கறவங்கதான் அதிகம், விக்கறவங்களுக்கும் அது வசதியாதான் இருக்கு.

தேன்மெழுகாவது பேர்லயே தெரிஞ்சிடும், கண்ணுக்குத் தெரியாம உள்ள வர்றது ஸ்டியரிக் ஆசிட். சில பேர் ஸ்டியரின்னும் சொல்வாங்க. கொழுப்பப் பிரிச்சு அதுலேர்ந்து கிளிசரின எடுத்துட்டா மிச்சமாகற கெட்டியான ஃபேட்டி ஆசிட் இது, 1825-ல செவ்ருல், கே-லுசாக்ங்கற ரெண்டு பிரெஞ்சு வேதியியல் விஞ்ஞானிங்க இதுல மெழுகுவர்த்தி செய்யறதுக்கு பேட்டன்ட் வாங்கினாங்க, பழைய கொழுப்பு மெழுகுவர்த்தியோட நாத்தமும் வழவழப்பும் இதுல ரொம்பவே குறைஞ்சுது. இன்னிக்கும் பாரஃபின்ல இத சேக்கறாங்க, மெழுகு கெட்டியாகும், வெள்ளையா தெரியும், வெயில்ல வளையாது, அச்சுலேர்ந்து சுலபமா வெளிய வரும். பிரச்சனை என்னன்னா ஸ்டியரிக் ஆசிட் மாட்டுக்கொழுப்புலேர்ந்தும் வரும், பாமாயில்லேர்ந்தும் வரும். வர்றது ஒரே மூலக்கூறு, நீங்க பாத்தோ மோந்தோ எரிச்சோ எதுலேர்ந்து வந்துதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, சப்ளையர் குடுக்கற பேப்பர் மட்டும்தான் ஆதாரம். அதனால பேரு கூட இல்லாத ஒரு சாதா வெள்ளை மெழுகுவர்த்தி உள்ளுக்குள்ள மாட்டுக்கொழுப்போட இருக்கலாம், "ஹனி வெண்ணிலா"ன்னு பேரு வெச்ச கேண்டில்ல தேனோ தேன்மெழுகோ துளி கூட இல்லாம முழுக்க செயற்கை வாசனையா இருக்கலாம்.

சரி பாமாயில்லேர்ந்து வந்த ஸ்டியரிக் ஆசிட்னு சொல்லிட்டாங்க, ஓகேவா? டெக்னிக்கலா வீகன். ஆனா போர்னியோ, சுமத்ரா காடுகள அழிச்சு எண்ணெய்ப்பனை போட்டதுல ஒராங்குட்டானுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது அவ்ளோ ஈசியா ஜீரணமாகாது. ஆர்எஸ்பிஓங்கறது சூழலுக்குக் கேடு குறைச்சு எடுக்கற பாமாயிலுக்கு சான்றிதழ் தர்ற, 2004-ல ஆரம்பிச்ச அமைப்பு, அந்தச் சான்றிதழ் இருந்தா இல்லாததுக்கு பரவால்லன்னு எடுத்துக்கலாம், நான் முடிஞ்சவரை பாம் மெழுகே வாங்கறதில்ல, இது என் விருப்பம், எல்லாரும் அப்படித்தான் இருக்கணும்னு சொல்லல.

இங்கதான் சோயா மெழுகு வருது. சோயா எண்ணெய ஹைட்ரஜனேட் பண்ணி, அதாவது ஹைட்ரஜன் சேத்து, கெட்டியாக்கினது, 1990-கள்ல தான் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. இதோட குணமே சாஃப்ட்டா இருக்கறதுதான், கண்ணாடி ஜார்ல ஊத்தற வகை 50 டிகிரி செல்சியஸ் கிட்டயே உருகிடும் (தேன்மெழுகு உருக 62-64 ஆகும்), அதனாலதான் சோயா கேண்டில்னாலே ஜார்லயோ டின்லயோ வருது. யாராவது தனியா நிக்கற தூண் மாதிரி கேண்டில "சோயா"ன்னு வித்தா நான் கொஞ்சம் உஷாராயிடுவேன். அந்த மாதிரி நிக்கறதுக்குன்னே கெட்டியான சோயா மெழுகும் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா பல சமயம் கெட்டியாக்க எதையோ சேத்திருப்பாங்க, அது திரும்ப ஸ்டியரிக் ஆசிட், பாரஃபின், தேன்மெழுகு இந்த மூணுல ஒண்ணா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இதுல பெரிய விளையாட்டு "சோயா பிளென்ட்", அதாவது சோயா கலவைங்கற வார்த்தைலதான் நடக்குது. பிளென்ட்னு போட்டா எத்தன சதவீதம்னு சொல்ல வேண்டியதில்ல, கொஞ்சூண்டு சோயாவும் மிச்சம் பாரஃபினும் இருந்தாலும் அது பிளென்ட்தான். தேங்கா மெழுகு, ரேப்சீட் மெழுகுக்கும் இதே கதை.

சோயா மெழுகு மேல வெள்ளையா பூத்த மாதிரி ஒரு படலம் வந்தா கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, தாவர மெழுகுக்கு அது சகஜம், எரியறதுக்கு ஒண்ணும் ஆகாது.

திரிய யாரும் யோசிக்கறதே இல்ல. பருத்தித் திரின்னு போட்டிருப்பாங்க, ஆனா திரி நிமிந்து நிக்கவும் சீக்கிரம் பத்திக்கவும் முன்னாடியே மெழுகுல முக்கி எடுப்பாங்க, அந்த மெழுகு தேன்மெழுகா இருக்கலாம். முக்கியமா சணல் வகைத் திரின்னு விக்கற ஹெம்ப் திரில இது ரொம்ப சாதாரணம், கேண்டில் முழுக்க சோயாவா இருக்கும், திரில மட்டும் தேன்மெழுகு ஒட்டியிருக்கும். நடுவுல உலோகக் கம்பி இருந்தா பயப்பட வேணாம், இப்ப அது பெரும்பாலும் துத்தநாகம், ஈயக் கம்பி வெச்ச திரிய அமெரிக்கால 2003-லயே தடை பண்ணிட்டாங்க.

வாசனைன்னு வந்தா கஸ்தூரி, புனுகு, திமிங்கிலத்தோட அம்பர், பீவரோட காஸ்டோரியம்னு எல்லாமே ஒரு காலத்துல மிருகத்துக்கிட்டேர்ந்து வந்ததுதான். இன்னிக்கு கேண்டில்ல "மஸ்க்"னு போட்டிருந்தா அது லேப்ல செஞ்சதுதான், நிஜக் கஸ்தூரிய மெழுகுல ஊத்தி எரிக்கற அளவுக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது. அம்பர் வாசனைக்குப் பயன்படற அம்ப்ராக்சனக் கூட கிளாரி சேஜ் செடிலேர்ந்து வர்ற பொருள வெச்சு செய்யறாங்க. அதனால வாசனைல நான் கவலைப்படறது மிருகத்தப் பத்தி இல்ல, "ஃப்ராக்ரன்ஸ்"ங்கற ஒத்த வார்த்தைக்குப் பின்னாடி டஜன் கணக்குல பொருள் இருக்கலாம், அலர்ஜி இருக்கறவங்க லினலூல், லிமோனீன், யூஜினால் மாதிரி பேருங்கள தேடிப் பாக்கணும். எசென்ஷியல் ஆயில்னா அலர்ஜியே வராதுன்னு நெனைக்காதீங்க, இந்த மூணுமே லாவெண்டர், ஆரஞ்சு, கிராம்பு எண்ணெய்கள்ல இயற்கையாவே இருக்கறது.

ஜெல் கேண்டில்ல ஜெலட்டின் இருக்கான்னு கேப்பாங்க. பொதுவா இல்ல, மினரல் ஆயில்ல பாலிமர் சேத்தது. கலரும் அவ்ளோ பெரிய விஷயமில்ல, பூச்சிலேர்ந்து வர்ற கார்மைன்ங்கற சிவப்புச் சாயம் எண்ணெய்ல கரையாதுங்கறதால கேண்டில்ல அபூர்வம், மேல பளபளன்னு கோட்டிங் இருந்தா மட்டும் ஷெல்லாக்கான்னு கேளுங்க, அது அரக்குப்பூச்சி சமாச்சாரம்.

இன்னொண்ணு, "சோயா புகையே விடாது"ன்னு விளம்பரம் பண்றாங்கல்ல, அத நம்பாதீங்க. எந்த மெழுகா இருந்தாலும் திரி நீளமா இருந்தா, காத்துல சுடர் ஆடினா கரி வரும். ஒவ்வொரு தடவ ஏத்தறதுக்கு முன்னாடியும் திரிய 5-6 மில்லிமீட்டருக்கு வெட்டி விடுங்க, அது பாதி பிரச்சனைய தீத்துடும்.

பல நாடுகள்ல கேண்டிலுக்கு முழு பொருள் பட்டியல் போடணும்னு கட்டாயமே இல்ல, அதனால நான் விக்கறவங்களுக்கு மெசேஜ் போட்டுடுவேன், "இது வீகனா"ன்னு கேக்க மாட்டேன், அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. எந்தெந்த மெழுகு எத்தன சதவீதம், ஸ்டியரிக் ஆசிட் இருக்கா, இருந்தா எதுலேர்ந்து, திரிக்கு என்ன மெழுகு பூசியிருக்கு, இவ்ளோதான் கேப்பேன். சின்னதா வீட்லயே ஊத்தி விக்கறவங்க பெரும்பாலும் சப்ளையர் பேரோட பதில் போடுவாங்க, அவங்க கைல கலக்கறதால தெரியும். "பிரீமியம் நேச்சுரல் வேக்ஸ்"னு மட்டும் பதில் வந்தா அடுத்த கடைய பாக்கப் போயிடுவேன்.