பிறீசருக்குள் போன குப்பி

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பொதிகளுக்கு நடுவே, கட்டைவிரல் அளவான ஒரு குப்பி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. கலங்களுக்குள் டிஎன்ஏயைப் புகுத்த உதவும் இலிப்பிட்டுத் (கொழுப்பு வகைப் பொருள்) திரவம் அது. இருந்தது 0.75 மில்லிலீற்றர்தான், ஆனால் அந்தக் காசுக்கு நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டில் எல்லோருக்கும் உடுப்பு எடுத்திருக்கலாம். நான் போய்ச் சேருமுன்பே, காலையில் ஆய்வுகூடத்தைத் திறக்கும் அண்ணை அதைக் கையொப்பமிட்டு வாங்கியிருந்தார்.

"எங்க அண்ணை வைச்சனீங்கள்?"

"பயப்படாதேங்கோ பிள்ளை, வந்த உடனயே பிறீசருக்குள்ள வைச்சிட்டன். குளிர் கூடினால் சாமான் பழுதாகாதுதானே."

பாசையூரில் வாங்கிய பாரை மீனுக்கு அந்த நியாயம் முற்றிலும் பொருந்தும். இந்தத் திரவத்தை 4 பாகையில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது என்பது குப்பியிலேயே, எறும்பு மட்டும் வாசிக்கக்கூடிய எழுத்தில், அச்சிடப்பட்டிருந்தது.

டிஎன்ஏயும் மறை ஏற்றம் கொண்டது, கலமென்சவ்வின் வெளிப்புறமும் அப்படித்தான் என்பதால், இரண்டும் தாமாக ஒட்டுவதில்லை. பனங்கட்டியைக் குட்டானில் பொதிவதுபோல நேர் ஏற்றமுள்ள இலிப்பிட்டு டிஎன்ஏயைப் பொதிந்து கொடுத்தால், கலம் அதை விழுங்கிக்கொள்ளும். 1987 இல் அமெரிக்க ஆய்வாளர் பெல்க்னரின் குழுவினர் காட்டிய வழி இது. அந்த நுண்ணிய இலிப்பிட்டுக் குமிழ்கள் உறைந்து உருகினால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். உருகிய குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் நொய்யரிசிக் கஞ்சிபோல ஏதோ மிதந்தது.

எறிய மனம் வரவில்லை. சீரம் இல்லாத வளர்ப்பு ஊடகத்தில், கலங்களைப் பச்சையாக ஒளிரச் செய்யும் டிஎன்ஏயோடு கலந்து, 20 நிமிடம் அறை வெப்பநிலையில் வைத்தேன். (செய்முறை எழுதியவரின் அறை வேறு, சித்திரை மாதத்தில் ஏசி நின்றுபோன எங்கள் அறை வேறு.) நுண்ணுயிர்கொல்லி இல்லாத ஊடகத்தில் வளர்ந்த கலங்களின் மேல் துளித்துளியாக விட்டு, இரண்டு நாள் காத்திருந்து, இருட்டறையில் நுண்ணோக்கியைத் திறந்தால், பச்சையாக ஒளிர வேண்டிய தட்டில் மூன்றே மூன்று கலங்கள் ஒளிர்ந்தன. அண்ணையும் குனிந்து பார்த்தார். "மூண்டாவது வந்திருக்குதே பிள்ளை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த குப்பி வந்தபோது அவரே முந்திக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்து, "இது மீன் இல்லை, உறைய விடாதேங்கோ" என்று பெரிய எழுத்தில் ஒட்டியும் விட்டார். இம்முறை தட்டு முழுவதும் மின்மினிகள். அந்த மகிழ்ச்சியில் டிஎன்ஏ வெட்டும் நொதியங்களை எடுக்கப் பிறீசரைத் திறந்தேன், பெட்டியைக் காணவில்லை. மறை 20 பாகையில் இருக்க வேண்டிய அத்தனை நொதியங்களும், உறைந்து பழுதாகிவிடுமே என்ற கவலையில், நடுத்தட்டில் அந்தக் குப்பிக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.