80,732 எங்கிருந்து வந்தது?

முதுமாணி ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை, மேற்பார்வை செய்யும் சேரிடம் கொடுத்திருந்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. டெங்கு அறிமுகத்தில் ஏழு இடத்தில் விக்கிப்பீடியாவைச் சான்றாகப் போட்டிருந்தேன். ஏழிலும் சிவப்பு வட்டம்.

"இதை எழுதினது ஆர் தம்பி?"

"விக்கிப்பீடியா, சேர்."

"அது நீர் எடுத்த இடம். எழுதின ஆள் ஆர்?"

என்னிடம் பதில் இல்லை. ஆய்வில் தன்னைச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்று விக்கிப்பீடியாவே சொல்கிறதே என்றார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு நான்கு பிழை, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்று. அவ்வளவுதானே வித்தியாசம்! (பிரிட்டானிக்கா அந்த ஒப்பீட்டையே ஏற்கவில்லை என்பது வேறு கதை.)

சரி என்று வெள்ளவத்தை அறைக்கு வந்து மூலங்களைத் தேட உட்கார்ந்தேன். நான்கு சுலபம், அடிக்குறிப்பை அழுத்தினால் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. ஒன்று செத்த இணைப்பு. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கிடைத்தது.

ஆறாவதில்தான் முழி பிதுங்கியது. '2017இல் இலங்கையில் 80,732 பேருக்கு டெங்கு' என்று எழுதியிருந்தேன். மூலம் உலக சுகாதார நிறுவனத்தின் ஜூலை மாத அறிவிப்பு. எண் சரிதான். ஆனால் அதற்கு முன்னால் 'ஜனவரி 1 முதல் ஜூலை 7 வரை' என்று இருக்கிறது! பாதி வருடக் கணக்கை முழு வருடத்துக்கு ஏற்றியிருக்கிறேன். அந்த வருடம் முடியும்போது எண்ணிக்கை 186,000ஐத் தாண்டியிருந்தது. விக்கிப்பீடியாவின் மேல் பழி போடவும் வழியில்லை. அங்கேயும் திகதி இருந்தது, அவசரத்தில் விட்டவன் நான். அறிமுகத்தின் அடுத்த இரண்டு பந்திகளையும் அந்த எண்ணை நம்பித்தான் எழுதியிருந்தேன். விடிய இரண்டு மணிக்கு இரண்டையும் அழித்தேன்.

ஏழாவது, நுளம்பின் வாழ்க்கைச் சுற்றுப் படம். வட்டம் போட்டிருந்தாலும் அதை மட்டும் வைத்திருக்கலாம் என்றார் சேர். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப் படம், ஆகவே வரைந்தவரின் பயனர் பெயரும் உரிமமும் கீழே வரவேண்டும். அப்புறம் தன் போனிலேயே, விக்கிப்பீடியாக் கட்டுரையின் பழைய பதிப்புகளைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, கட்டுரையைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் நாம் வாசித்த அன்றைய பதிப்பின் நிலையான இணைப்பை எடுப்பது எப்படி என்றும் காட்டினார். சான்று காட்டும் முறைக்கான ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு கேட்பதும் அதைத்தான்.

மூன்றாம் தடவை பிரிண்ட் எடுக்கப் போனபோது காலி வீதிக் கடை அண்ணா கேட்டார்: "இன்னும் முதலாம் அத்தியாயமோ?"