மாருதி 800: வீட்டிலேயே நூல் கட்டி டோ சரிசெய்தேன்

இடது டை ராட் எண்டை (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டு) மாற்றியதிலிருந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு தேய்ந்திருந்தது. உள்ளங்கையை ஒரு பக்கமாக ஓட்டினால் வழவழப்பு, திருப்பி ஓட்டினால் ரம்பப்பல் நெருடல். டோ அவுட், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்து நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று அளந்துவிடலாம் என இறங்கினேன்.

காற்றைச் சரிபார்த்து, ஜாக்கி போட்டுச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டினேன். சக்கர மையத்தின் உயரத்தில் வண்டியின் இரு பக்கமும் கொத்தனார் நைலான் நூலை இழுத்துக் கட்டினேன். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் ஸ்டீல் ஸ்கேலால் தூரம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. அவ்வளவுதான் வேலை.

முதல் அளவில் இடது சக்கரம் 2.5 மி.மீ. வெளியே, வலது அரை மி.மீ. உள்ளே. மொத்தம் 2 மி.மீ. டோ அவுட். டயர் தேய்ந்திருந்த விதத்துக்கு இது குறைவாகப் பட்டது. நூலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. முன், பின் இரண்டு சக்கரத்துக்கும் நூலைச் சம தூரத்தில் கட்டியிருந்தேன். இந்த வண்டிக்கு முன் ட்ராக் (இடது, வலது சக்கரங்களின் நடுவுக்கு நடு தூரம்) 1215, பின் ட்ராக் 1200 மி.மீ. அப்படியானால் பக்கத்துக்கு 7.5 மி.மீ. வித்தியாசம் விட வேண்டும். விடாவிட்டால் நூல் முன்பக்கம் விரிந்து நிற்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் 1 மி.மீ.க்கு மேல் டோ அவுட்டை மறைத்துவிடும். முன் சக்கரத்தில் நூலை 7.5 மி.மீ. நெருக்கிக் கட்டி மறுபடி அளந்தேன்: இடது 3.5, வலது 0.5, இரண்டுமே வெளியே. மொத்தம் 4. இப்போது டயரும் ஸ்கேலும் ஒரே கதையைச் சொல்லின. நூல் கட்டி அளக்கப்போகிறவர்கள் முதலில் தங்கள் வண்டியின் ட்ராக் அளவைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியில் ஸ்டியரிங் ராக் (டை ராடுகளை இடவலமாகத் தள்ளும் பல் தண்டு) முன் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. டை ராடை நீளமாக்கினால் டோ இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பி நிற்பது) கூடும். முந்தின நாளே மரையில் எண்ணெய் விட்டிருந்ததால் லாக் நட் எளிதாக இளகியது. ராக் பூட் எனும் ரப்பர் உறையின் கிளிப்பையும் தளர்த்திவிட்டேன். இல்லையென்றால் ராடோடு சேர்ந்து ரப்பரும் முறுக்கிக்கொள்ளும். கால் சுற்றுக்கு ரிம்மில் ஏறக்குறைய 1 மி.மீ. நகர்ந்தது. இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று, வலப்பக்கம் கால் சுற்று. ஒவ்வொரு தடவையும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானட்டை அமுக்கி விட்டுத்தான் அளந்தேன். நின்ற இடத்திலேயே அளந்தால் டயர் முறுக்கிக்கொண்டு நின்று பொய் சொல்லும்.

லாக் நட்டை இறுக்கியபோது அரை மி.மீ. ஓடிவிட்டது. ராடை ஒரு ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு திரும்ப இறுக்கினேன். கடைசி அளவு இரு பக்கமும் அரை மி.மீ. டோ இன்.

அப்புறம் பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் நடுவில் நின்றது. டயரில் நெருடல் இன்னும் இருக்கிறது; 500 கி.மீ. ஓடியதும் மறுபடி தடவிப் பார்க்க வேண்டும்.